புகை வந்த வழி

அந்த வேனை யாராவது குறை சொல்லிவிட்டால் வேன்காரர் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிட மாட்டார். அது தெரிந்து அவர் மனைவி வேனைப் பற்றி வருகிற புகார்களையெல்லாம் தன் காதிலேயே நிறுத்திக்கொள்வாள். இப்போது வருகிற வேன்களெல்லாம் சுவரில் மோதின மாதிரி தட்டை முகத்தோடு வருகின்றன. இது பழைய மாடல். எஞ்சினை மூடுகிற பானெட் முன்னால் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதனால் ஏறுகிற பெண்கள் அதற்கு ‘மூக்கன்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

பெண்களெல்லாம் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை வெளுத்துக் கொடுக்கிற பெரிய கூடம் அது. ஊரைத் தாண்டி கிடங்குகள் இருக்கும் சாலையில் இருந்தது. காலை ஷிப்டுக்கு வேன்காரர் தெருத் தெருவாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர் மனைவியும் அங்கேதான் வேலை. ஈரம் போன விரிப்பு மேஜைக்கு வந்தால், நாலு மூலையையும் உதறிப் பிடித்து அவள் மடிக்கிற மடிப்பில் ஓரத்துக்கு ஓரம் நூல் பிசகாது. அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா ஆனாள். மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த மழைக்காலத்தில் வேனில் வருகிற பெண்களுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. இறங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சோப்பு நெடி, ஆவி, தூக்கம் போதாதது என்று ஆளுக்கொரு காரணம் இருந்ததால் யாரும் வேனைச் சொல்லவில்லை. வேன்காரரின் மருமகள் மட்டும் சொன்னாள். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். சலவைக்கூடத்துக்குப் போகிற சாலையிலேயே அந்த ஆஸ்பத்திரி. மாசமாக இருந்ததால் குலுக்கல் குறைவாக இருக்கட்டும் என்று முன் சீட்டை அவளுக்கு ஒதுக்கியிருந்தார் வேன்காரர்.

“மாமா, புகை வாடை அடிக்குது.”

“முன்னாடி லாரி போகுதும்மா. அதோட புகை.”

லாரி போகாத நாளிலும் அவள் சொன்னாள். மசக்கையில் எல்லாமே வாடையாகத்தான் இருக்கும் என்று மாமனார் சிரித்தார். பின்சீட்டில் இருந்த மடிப்பக்காவுக்கும் லேசாக ஒரு கரிந்த வாடை வந்ததுதான். அவரே ஒன்றும் சொல்லவில்லையே, வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் மழை சாய்ந்து அடித்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்தது. பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். கிடங்குச் சாலையில் திரும்பும்போது மருமகளின் தலை ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டியது. மறுபடியும் முட்டியது. தூங்குகிறவள் அப்படி முட்டினால் விழித்துக்கொள்வாள்.

“நிறுத்துங்க. வண்டியை நிறுத்துங்க,” என்றாள் மடிப்பக்கா.

கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்து மழையிலேயே உட்காரவைத்தார்கள். முகத்தில் தண்ணீர் பட்டதும் கண் திறந்தாள். திறந்த கண் யாரையும் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, “அடைச்ச இடத்துல புகையைச் சுவாசிச்சிருக்காங்க. மாசமா இருக்கிறதால மத்தவங்களைவிட இவங்களை முதல்ல பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா கதை வேற. குழந்தைத் துடிப்பு நல்லா இருக்கு, பயப்படாதீங்க,” என்றார்.

மகன் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி பொருத்துவான். சட்டைக் கையில் மின்னுகிற தூளோடு ஓடிவந்தான். மனைவியைப் பார்த்துவிட்டு வந்து அப்பா முன்னால் நின்றான்.

“உங்களுக்கு வாசனையே வரலையாப்பா?”

“வந்திருந்தா ஓட்டுவேனாடா?”

“அவ ஒரு வாரமா சொல்லிட்டிருந்தாளே. லாரி லாரின்னீங்களே.”

வேன்காரர் சுவரைப் பார்த்தார்.

“பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்குப்பா. இனிமே என் பொண்டாட்டி அந்த வண்டியில ஏற மாட்டா. நீங்களும் வேற யாரையும் ஏத்தாதீங்க.”

இரண்டு பேரும் ஒரே வீடு. கீழே பெரியவர்கள், மாடியில் சின்னவர்கள். அன்றிலிருந்து மகன் படியில் இறங்கும்போது அப்பா எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனான். மருமகள் இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வேன் வாசலில் நின்றது. பெண்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். ஊறவைக்கும் தொட்டியில் நிற்கிற பெண் ஒருத்தி, தொட்டிக்காரி என்று பேர், மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பாள். மேஜைப் பக்கம் வந்து சொன்னாள்:

“அக்கா, உங்க வீட்டுக்காரர் தங்கம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதுக்காகத் தங்கத்தை நம்பி மூச்சை விட முடியுமா சொல்லுங்க.”

மடிப்பக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். அவளுக்கே அவர் மேல் கோபம். தனக்கே வாடை வந்தது. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு எப்படி வராமல் போகும்? வந்தும், வண்டிக்குப் பேர் கெட்டுவிடும் என்று மறைத்திருக்கிறார். மருமகள் சொல்லியும் மறைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனா இப்படி என்று விரிப்புகளை உதறும்போதெல்லாம் கூடவே அதையும் உதறிப் பார்த்தாள். போகவில்லை.

விடுமுறை நாள் மத்தியானம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கொல்லையில் துணி எடுக்கப் போனாள். வேன்காரர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பார்வை ஜன்னல் வழியாக வாசலில் நிற்கிற வேன் மேலேயே இருந்தது. கொடிக்கம்பி வரைக்கும் பால் தீய்ந்த நாற்றம் வந்தது. ஓடிவந்தாள். பால் பொங்கி வழிந்து பர்னரில் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவர், இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தரை துடைக்கிற பினாயில் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, அவர் தோளுக்குப் பின்னால், கன்னத்தை ஒட்டினாற்போல் பிடித்தாள். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

“என்னங்க. எவ்வளவு நாளா?”

அவர் திரும்பி பாட்டிலைப் பார்த்தார். எது எவ்வளவு நாளா என்று கேட்கவில்லை.

“அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் வரவேயில்ல.”

“அது போன வருஷத்துக்கு முந்தின வருஷமாச்சே.”

“ஆமா.”

“நேத்துகூடச் சூப்பு வாசலுக்கு மணக்குதுன்னு சொன்னீங்களே.”

“நீதான் ஊத்திட்டுக் கரண்டியோட நிப்பியே. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். நல்லா வந்திருந்தா உனக்குப் புருவம் கொஞ்சம் மேல போகும்.”

மடிப்பக்கா பாட்டிலை மூடி வைத்தாள். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“டிரைவருக்கு மூக்கு பாதி வேலை பார்க்கும் இவளே. பிரேக் தேய்ஞ்சா, ஒயர் கருகினா, எண்ணெய் ஒழுகினா மூக்குதான் முதல்ல சொல்லும். அது போச்சுன்னு தெரிஞ்சா யார் ஏறுவாங்க? எறங்கி எறங்கித் தொட்டுப் பார்ப்பேன். காதால கேட்பேன். சமாளிச்சிரலாம்னு நினைச்சேன். சமாளிச்சேன்தான்.” வெங்காயத் தோலைக் கூட்டிச் சேர்த்தார். “அந்தப் பொண்ணு சொல்லும்போது நான் நிறுத்தியிருக்கணும். எனக்குத் தெரியாத வாசனையை அவ சொல்றான்னு ஒத்துக்கிட்டிருக்கணும். அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை.”

ஒவ்வொரு தெருவில் நிற்கும்போதும் அவர் இறங்கி பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவளுக்கு நினைவு வந்தது. செல்லமாகத் தடவிக் கொடுக்கிறார் என்று பெண்கள் கேலி செய்வார்கள். சக்கரம் ஒவ்வொன்றையும் தொடுவார். பெண்கள் பாட்டு கேட்டால் போட மாட்டார், எஞ்சின் சத்தம் கேட்கவேண்டும் என்பார். மூக்கு செய்கிற வேலையைக் கைக்கும் காதுக்கும் பங்கு போட்டுக் கொடுத்து இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். பொய்தான். பெரிய பொய். ஆனாலும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவர் பட்டிருக்கிற பாட்டை நினைத்தபோது, கோபம் இருந்த இடத்திலேயே வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“எழுந்திரிங்க,” என்றாள். “கையைக் கழுவிட்டு வண்டியை எடுங்க. மெக்கானிக்கிட்டப் போகலாம். என் மூக்கு நல்லாத்தானே இருக்கு.”

மெக்கானிக் கடையில் கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அவள் குனிந்து குனிந்து மோந்து பார்த்தாள். “இந்தப் பக்கம்,” என்று அவள் கை காட்டிய இடத்தில்தான் புகைக்குழாய் எஞ்சினோடு சேருகிற மூட்டில் இடைவெளியை அடைக்கிற பேக்கிங் எரிந்து ஓரத்தில் கரி படிந்திருந்தது. மெக்கானிக் வேலையில் எவ்வளவு கெட்டியோ பேச்சிலும் அவ்வளவு கெட்டி. பேக்கிங்கை மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணே, திருடனைப் பிடிச்சாச்சு. ஆனா அவன் வந்த வழி திறந்தே கிடக்கு. இங்க பாருங்க.”

பானெட்டின் பின்பக்க ஓரத்தில், கண்ணாடிக்கு முன்னால், குறுக்கே ஒரு ரப்பர் பட்டை ஓடியது. அதை விரலால் நெம்பினார். சுள்ளி மாதிரி ஒடிந்து கையில் வந்தது.

“இது ரப்பரா? ஒரு காலத்துல பஞ்சு மாதிரி இருந்திருக்கும். எஞ்சின் சூட்டுலயும் வெயில்லயும் கிடந்து செத்துப்போச்சு. கண்ணாடிக்குக் கீழ ஓட்டை ஓட்டையா இந்த ஜாலி இருக்குல்ல, உள்ள போற காத்து இது வழியாத்தான் போகுது. எஞ்சினுக்கும் இந்த ஜாலிக்கும் நடுவுல இந்த ரப்பர்தான் சுவர். சுவர் விழுந்துட்டா, அடுப்பங்கரையும் படுக்கையறையும் ஒண்ணாயிரும்ல? கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டினா எஞ்சின் விடுற மூச்சைத்தான் நீங்க இழுப்பீங்க.”

“புதுசு போட்டுக் கொடு,” என்றார் வேன்காரர்.

“இந்த மாடலுக்கு ரப்பர் செய்யறதை நிறுத்திட்டாங்கண்ணே. செஞ்ச ஆளே இந்நேரம் பேரப்பிள்ளையோட விளையாடிட்டிருப்பார். வேற எதையாவது பார்த்துப் போடணும். ரெண்டு விஷயம். சூடு தாங்கணும். பானெட்டை மூடினா நசுங்கிக் கொடுக்கணும். அது வரைக்கும் ஆளை ஏத்தாதீங்க.”

கடைவீதியில் அலைந்து வேன்காரர் கதவு ஓரத்துக்கு ஒட்டுகிற ரப்பர் பீடிங் ஒன்று வாங்கிவந்தார். ஒட்டாமல் வெறுமனே வைத்துப் பார்த்தார். பானெட் மூடவில்லை. ரப்பர் தடிமன். இரண்டு கையையும் ஊன்றி உடம்பு முழுக்கப் பாரம் கொடுத்து அழுத்தினார். பூட்டு ‘டக்’கென்று விழுந்தது.

“விழுந்துருச்சு பார்,” என்றார்.

மடிப்பக்கா கைப்பிடியை லேசாகத் தொட்டாள். பானெட் துள்ளி எழுந்தது.

“ஓடும்போது இப்படி எழுந்து கண்ணாடியை மறைச்சா என்ன பண்ணுவீங்க?”

அவர் பீடிங்கைச் சுருட்டினார்.

மறுநாள் மேஜையில் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிறதுதான். ஈரத் துணியை உலர்த்துகிற பெரிய மெஷின்களின் வட்டக் கதவு. நாளெல்லாம் உள்ளே அனல் சுழல்கிறது. கதவைச் சாத்தினால் சுற்றிலும் இருக்கிற ரப்பர் பெருமூச்சு விடுகிற மாதிரி நசுங்கிக் கொடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு பொட்டு அனல் வெளியே வராது. கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய் அந்த ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தாள். உள்ளே குழாயாக இருந்தது. அமுக்கிய இடம் உடனே எழுந்துகொண்டது. மடிப்பக்கா பாதியில் விரிப்பைப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்துத் தொட்டிக்காரிக்கு உடம்பு ஏதோ சரியில்லை என்று பயமாகிவிட்டது.

ஸ்டோர்காரரிடம் போய்க் கேட்டாள். “கதவு ரப்பர் மாத்தினப்போ மிச்சத் துண்டு கிடந்துச்சே, இருக்கா?”

“எதுக்கும்மா? வீட்டுல மெஷின் வாங்கிட்டியா?”

“மூக்கனுக்கு.”

ஸ்டோர்காரர் விஷயத்தை முழுக்கக் கேட்டார். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அலமாரி மேலிருந்து தூசி படிந்த சுருள் ஒன்றைக் கீழே தள்ளினார். “எங்களுக்கு இந்த நீளம் எதுக்கும் ஆகாது. எடுத்துட்டுப் போ.” அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வளையல் போட்ட யானை மாதிரி அவள் பஸ் ஏறினாள் என்று தொட்டிக்காரி பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

அடுத்த விடுமுறை நாளில் மழை விட்டு வெயில் அடித்தது. வாசலில் பானெட்டைத் திறந்து வைத்து வேலை ஆரம்பமானது. பழைய ரப்பர் துண்டு துண்டாகத்தான் வந்தது. அதற்கடியில் எந்தக் காலத்திலோ பூசின பசை கருங்கல்லாக இருந்தது. வேன்காரர் தட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்ட, அவள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். பசை போன இடத்தில் தகரம் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் தொட்டு வைத்து, அது காய்கிற வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சாப்பிட்டார்கள். மாடி வராந்தாவில் மகன் துண்டோடு நின்றான். கீழே பார்க்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை.

வேன்காரர் பசை தடவினார். இடது ஓரத்திலிருந்து ரப்பரை ஒட்ட ஆரம்பித்தார். சுருக்கம் இல்லாமல் நேராக வரட்டும் என்று இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டே போனார்.

“இழுக்காதீங்க.”

வேன்காரரின் கை அப்படியே நின்றது. மேலே பார்க்கவில்லை. “என்ன?”

“இழுக்காதீங்கப்பா. இழுத்து ஒட்டினா இன்னைக்கு அழகா இருக்கும். சூடு பட்டுச் சுருங்கினதும் ரெண்டு முனையிலயும் விரல் போற அளவுக்கு இடம் விட்டுரும். நாங்க கண்ணாடிக்குப் போடும்போது இழுத்தா முதலாளி கையிலயே அடிப்பார்.”

“அப்ப எப்படிப் போடணும்?”

கேட்டது சின்னக் கேள்விதான். மகனிடம் அப்பா வண்டி சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அது. மகன் துண்டை வராந்தாச் சுவரில் போட்டுவிட்டு இறங்கிவந்தான். ஒட்டினதைப் பிரித்தான். ரப்பரின் நடுவைக் கண்டுபிடித்து, பானெட் ஓரத்தின் நடுவில் வைத்தான். “நீங்க அந்தப் பக்கம் போங்க. நான் இந்தப் பக்கம். தள்ளித் தள்ளி உட்கார வைங்க. வர்றது தானா வரட்டும்.”

இரண்டு பேரும் எதிரெதிரே குனிந்து கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே நகர்ந்தார்கள். மடிப்பக்கா பசை டின்னோடு நடுவில் நின்றாள். அமுக்கும்போது இரண்டு பேருக்கும் கீழ் உதடு ஒரே மாதிரி ஒரு பக்கமாகப் பிதுங்கியது. இவ்வளவு நாள் இது தன் கண்ணில் படவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் மகன் பிளேடால் ரப்பரின் அடிப்பட்டையில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுப் போட்டான். திருப்பினபோது ரப்பர் மடங்காமல் வளைந்து கொடுத்தது. வேன்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து வளைவுக்காகப் பிளேடு கேட்டுக் கையை நீட்டினார். அப்படி நீட்டினபடியே சொன்னார்:

“எனக்கு வாசனை தெரியாதுடா. காய்ச்சலுக்கு அப்புறம் போயிருச்சு.”

மகன் பிளேடைக் கொடுக்காமல் நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

“ஆஸ்பத்திரியில கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் என்னென்னவோ பேசிட்டேன்.”

“உன் பொண்டாட்டி மூக்குல குழாயோட படுத்திருக்கா. அந்த நேரத்துல உட்கார்ந்து என் மூக்குக் கதையைப் பேசச் சொல்றியா?”

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. பிளேடை மட்டும் பத்திரமாகப் பிடிப்பக்கம் திருப்பிக் கொடுத்தான்.

கையில் ஒட்டின பசையை வேன்காரர் மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவினார். பசை காய்ந்ததும் ரப்பர் மேல் முகப்பவுடரைப் பூசச் சொன்னான் மகன். பானெட்டை மூடித் திறந்தார்கள். ரப்பர் வந்து படுகிற தகரத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இடது மூலையில் ஒரு கை அகலத்துக்குக் கோடு இல்லை.

“அங்க படலை,” என்றாள் மடிப்பக்கா.

வேன்காரர் அந்த இடத்தைத் தடவினார். தகரம் உள்வாங்கியிருந்தது. அடியில் மரக்கட்டையைக் கொடுத்து, மேலே துணி போட்டு, மெல்லத் தட்டினார். தட்டித் தட்டித் தடவிப் பார்த்தார். அந்தக் கைக்கு மயிரிழை பள்ளம்கூடத் தெரிந்தது. இந்த முறை கோடு ஓரத்திலிருந்து ஓரம் வரை அறுபடாமல் விழுந்தது. பேப்பரை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார்கள். பேப்பர் கிழிந்ததே தவிர வரவில்லை. பானெட்டும் ஒரு கை அழுத்தத்தில் பூட்டிக்கொண்டது.

மகன் மாடிக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தான். விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி. டேஷ்போர்டில் ஒட்டினான்.

“எப்ப வாங்கினே?” என்றார் அப்பா.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள்.”

அவ்வளவு கோபத்திலும் வாங்கி வைத்திருந்திருக்கிறான். வேன்காரர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கண்ணாடியெல்லாம் ஏற்றி, மடிப்பக்காவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிடங்குச் சாலை வரைக்கும் போய்த் திரும்பினார். கருவி கத்தவில்லை. அவளுக்கும் புகை வாடை வரவில்லை. வாசலில் வந்து நின்றபோது மருமகள் படியில் காத்திருந்தாள்.

“நான் உட்கார்ந்து பார்க்கிறேன் அத்தை. எனக்கு இப்ப பக்கத்து வீட்டுல சோப்பு மாத்தினாக்கூடத் தெரியுது.”

மகன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். வேன்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

“மாமா, புகை இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் வருது. மண்ணெண்ணெய்.”

“அது என் கைம்மா.”

“ஆமா. போய்க் குளிங்க.”

மறுநாள் காலை முதல் தெருமுனையில் பெண்கள் குடையோடு கூடி நின்றார்கள். மூக்கன் மறுபடியும் வருகிறான் என்று தொட்டிக்காரி எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். வேன்காரர் இறங்கிவந்து அவர்கள் முன்னால் நின்றார். இதைச் சொல்லவேண்டாம், ரப்பர் மாற்றியாகிவிட்டது, கருவி இருக்கிறது, அது போதும் என்று மடிப்பக்கா வீட்டிலேயே சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

“ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. உங்களுக்குத் தலை வலிச்சதுக்கெல்லாம் என் வண்டிதான் காரணம். எனக்குத் தெரியலை. தெரியலைன்னும் நான் சொல்லலை. இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு. ஆனா ஏதாவது வாசனை வந்தா, எதுவா இருந்தாலும், நீங்கதான் எனக்குச் சொல்லணும். ஏற இஷ்டம் இல்லாதவங்க பஸ்ல வாங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

யாரும் அசையவில்லை. மழை மறுபடியும் பிடித்திருந்தது. வேன்காரரின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. மடிப்பக்கா அவரைப் பார்த்தாள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை இவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று அவள் பார்த்ததில்லை.

தொட்டிக்காரி குடையை மடக்கினாள்.

“இதைச் சொல்றதுக்கு மழையில நிக்கணுமா? தள்ளுங்கண்ணே,” என்று ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டி கிளம்பியது. முன்சீட்டில் மருமகள். கொஞ்ச தூரம் வரை எல்லோரும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிற சத்தம்தான். கடைத்தெரு முனையில் பேக்கரிக்காரர் அடுப்பைத் திறந்திருந்தார். ஜாலி வழியாக உள்ளே வந்த காற்றில் அந்த வாசனை நிறைந்தது.

“மாமா,” என்றாள் மருமகள்.

வேன்காரரின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. “என்னம்மா? என்ன வருது?”

“பன்னு.”

“வெண்ணெய் போட்டது,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“இல்லடி, சர்க்கரைப் பாகு. மேல தடவுவாங்கல்ல, அது,” என்றாள் தொட்டிக்காரி.

வேன்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, முன்கண்ணாடி வழியாகப் பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் சொல்லுங்க,” என்றார்.